ஒன்பது பாட்டிலில் ஒரே ஆள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாஜிதா ஓதி ஊதாத பொருளே கிடையாது என்று அவள் தெருவில் கேலி செய்வார்கள். புதிதாக வாங்கிய மிக்ஸி, பரீட்சைக்குக் கொண்டுபோகும் பேனா, முதல் சவாரிக்குக் கிளம்பும் ஆட்டோ, பால் குடிக்காத கன்றுக்குட்டி, எதுவானாலும் அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடுவாள். உதடு அசைவது தெரியாமல் ஓதி, மெல்ல ஒரு மூச்சு விடுவாள். அவ்வளவுதான். பத்துப் பைசா வாங்க மாட்டாள். அவள் மார்க்கக் கல்வி படித்த ஆலிமா கிடையாது, இதற்கென்று அவளை யாரும் நியமிக்கவும் இல்லை. பயந்து அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் தெருவிலிருந்தும் வருவார்கள், சர்ச் தெருவிலிருந்தும் வருவார்கள். பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கிவிடும். அழுது களைத்த பிள்ளை தூங்காமல் என்ன செய்யும் என்று தங்கை சப்ரீன் நக்கலடிப்பாள். ஆனால் சாயங்காலத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு கேட்டதும் தன் எட்டு மாதக் குழந்தை நஸீபாவை அக்கா மடியில் கொண்டுபோய்ப் போடுகிற முதல் ஆளும் அதே சப்ரீன்தான்.

மாஜிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தாய்வீடு வந்தவள். பிள்ளை இல்லை. அடுத்த வருஷம் தாயும் போய்விட, பதினோரு வயது சப்ரீனை வளர்த்து, படிக்கவைத்து, நூல் லோடு ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கும் ராஜபாளையத்துக்குமாக அலைகிற டிரைவர் ஜாபிருக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். ஜாபிர் வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் சப்ரீனும் குழந்தையும் மாஜிதாவோடுதான். நஸீபா பிறந்த அன்று நர்ஸ் முதலில் கொடுத்தது மாஜிதாவின் கையில். அன்றிலிருந்து அந்த வீட்டில் கடிகாரம், காலண்டர் எல்லாமே அந்தக் குழந்தைதான்.

பதினாறு வருஷம் அவள் ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் துணிப் பட்டறையில் வெட்டி, மடித்து, பாக்கெட் போட்டாள். அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் இருமல் உண்டு. பஞ்சு இருமல் என்பார்கள், அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிக் குழு ராஜபாளையத்தில் பழைய நூல் குடோன் ஒன்றின் மாடியைப் பிடித்து வந்து இறங்கியது. கை படாமல் துணி மடிக்கத் தெரிந்த, நாலு ஊர் சுற்றப் பயப்படாத ஒரு பெண் வேண்டும் என்றார்கள். மாஜிதா போனாள்.

அங்கே இருந்தது ஒரு வெள்ளைப் பெட்டி. மைக்ரோவேவ் அடுப்பு அளவுதான் இருக்கும். மாஜிதா வீடு வீடாகப் போய், மனிதருடைய அக்குளில் அரை மணி நேரம் வைத்தெடுத்த பேண்டேஜ் துணியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுக் கொடுத்தால், பெட்டி அந்தக் காற்றை உறிஞ்சி மோந்து பார்க்கும். காசநோய் உள்ள உடம்பின் வாடை வேறு, இல்லாத உடம்பின் வாடை வேறு. நம் மூக்குக்குத் தெரியாத அந்த வித்தியாசம் பெட்டிக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பச்சை வந்தால் நல்லது. சிவப்பு வந்தால் அந்த ஆளைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மிஷினைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் பெனின், சிவகாசிப் பையன், முதல் நாளே சொல்லிவிட்டான்.

"அக்கா, இது இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கு. இது சொல்றது முடிவு இல்ல. சும்மா ஒரு சந்தேகம், அம்புட்டுத்தான்."

வேலைக்கு வருகிறவர்கள் பின்பற்ற ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் பதினான்கு விதிகள். பவுடர் கூடாது, பூ கூடாது, அத்தர் கூடாது, வெங்காயம் தின்றுவிட்டு வரக் கூடாது, துணியைக் கையால் தொடக் கூடாது, பாட்டில் பக்கத்தில் இருமவோ தும்மவோ கூடாது. மாஜிதா எதையும் மீறவில்லை. பால்கோவா காய்ச்சுகிற தெரு வழியாக வந்தால் சேலையில் பால் வாடை ஏறி மிஷின் குழம்புகிறது என்று பெனின் சொன்னதிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றுவழியாகவே போனாள். இருமல் வந்தால் தெருவுக்கே போய் இருமிவிட்டு வருவாள். அந்தத் தாளை எழுதிய புண்ணியவான்கள் என்னென்னவோ யோசித்திருந்தார்கள். மாஜிதா மாதிரி ஒருத்தி வருவாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதல் வருஷம் ஒரு வம்பும் இல்லை. போன ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. சோழபுரத்தில் மாரிசெல்வி என்று ஒரு பெண், மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலை. கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறவள். எலும்பும் தோலுமாக அவள் துணியை நீட்டியபோது மாஜிதாவுக்கு மனசு கலங்கிவிட்டது. யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் பாட்டிலை மூடினாள். மறுநாள் பெட்டி சிவப்புக் காட்டியது.

சளியைப் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் சேதி மாரிசெல்வியின் வீட்டுக்கும் மில்லுக்கும் போய்விட்டது. மாமியார் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். எல்லாம் தெளிவாகட்டும், பிறகு வேலைக்கு வா என்றார் சூப்பர்வைசர்.

"எனக்குச் சீக்கு இருக்கா, இல்லையா? ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்," என்று மாரிசெல்வி மாஜிதாவிடம் கேட்டாள்.

பிறகு மகாராஜபுரத்தில் ஒரு வயதானவர். பிளவக்கல் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு பையனின் தாய். இப்படியே ஒவ்வொன்றாகக் கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது சிவப்பு. ஒன்பது பேருக்கும் சளியில் ஒன்றுமில்லை. அந்த ஒன்பது பேரையும் மாஜிதா மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஒன்பது பேருமே அவள் இரக்கப்பட்டு வேண்டிக்கொண்ட ஆட்கள். அவள் வேண்டிக்கொள்ளாத ஆட்களுக்கு எல்லாம் பச்சை.

பெனின் ஒரு நாள் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, இதப் பாருங்க. ஒவ்வொருத்தர் வாடையும் ஒரு கோடு. ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஒன்பது பாட்டில்லயும் அவங்கவங்க வாடைக்கு மேல இன்னொரு வாடை இருக்கு. அத மட்டும் தனியா எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு வச்சிருக்கேன்."

திரையில் ஒன்பது கோடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோடு இருந்தது.

"இது ஒன்பது பேர் இல்லக்கா. ஒரே ஆள். ஒன்பது பாட்டில்லயும் இருக்கான்."

"எந்த ஆளு தம்பி?"

"நம்ம லிஸ்ட்லயே இல்லாத ஆளு. ஆனா சீக்காளி. அது மட்டும் நல்லாத் தெரியுது."

சோழபுரத்துக்கும் மகாராஜபுரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம். அந்த ஒன்பது வீட்டுக்கும் ஒருவரையொருவர் முகம் தெரியாது. அப்படியிருக்க ஒன்பது வீட்டிலும் புகுந்து, ஒன்பது துணியிலும் தன் வாடையை வைத்துவிட்டுப் போன அந்த ஆள் யார்? பாட்டில்களை மாற்றினார்கள். துணியை வேறு ஊரிலிருந்து வரவழைத்தார்கள். கடைசியில் பெனின் ஒரு வேலை செய்தான். யார் உடம்பிலும் வைக்காத புதுத்துணி ஒன்றைப் பாட்டிலில் போட்டு, சும்மா மூடியைத் திறந்து மூடினால் போதும் என்று சொல்லி மாஜிதாவின் பையில் மற்ற பாட்டில்களோடு அனுப்பினான். அது ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தது. பெட்டி மோந்து பார்த்தது. சிவப்பு. அதே கோடு.

யாரும் தொடாத துணியில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மாஜிதாவின் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, ஆனாலும் ஒருவரும் அதில் வந்து உட்காரவில்லை. தற்செயல்தான். ஆனால் அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இருக்கைப் பக்கம் திரும்பாமலே ஊர் வந்து சேர்ந்தாள். இறங்கி நடக்கும்போது பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. நெஞ்சுக்குள் கரகரவென்று இழுத்து விடுகிற சீக்காளி மூச்சு. நின்றாள். அது இன்னும் அருகில் கேட்டது. திரும்பினால் தெருவில் ஒரு நாயும் இல்லை. விறுவிறுவென்று நடந்தாள், மூச்சும் விறுவிறுவென்று கூடவே வந்தது.

ஜின்னோ, செத்துப்போன யாரோ, எதுவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். தன்னைப் பிடித்தாலும் பிடித்துக்கொள்ளட்டும். அது தன் பின்னால் வீட்டுக்குள் மட்டும் வந்துவிடக் கூடாது. வீட்டில் நஸீபா இருக்கிறாள். மாஜிதாவின் நினைப்பெல்லாம் அது ஒன்றுதான்.

வாசலிலேயே கைகால் கழுவினாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். வழக்கமாக ஒரு தடவை ஓதுகிறவள் அன்றைக்கு ஏழு தடவை ஓதினாள். நெற்றியில், இரண்டு கண்ணில், வாயில், நெஞ்சில் என்று ஒவ்வோர் இடமாகக் குனிந்து ஊதினாள். நஸீபா கெக்கெக்கென்று சிரித்தது.

"எக்கா, ஒனக்கு என்ன ஆச்சு? ஆளே பாதியாப் போயிட்ட. ரவிக்க தொளதொளங்குது," என்றாள் சப்ரீன்.

"அலைச்சல்ட்டி," என்றாள் மாஜிதா.

மறுநாள் பெனின் அவளைப் பெட்டி இருந்த அறைக்குக் கூப்பிட்டான். "நீங்க வீடு வீடாப் போயி என்ன செய்வீங்களோ, அத அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க. நான் குறுக்க பேச மாட்டேன். என்னைய ஒரு சீக்காளின்னு நெனச்சுக்கோங்க."

மாஜிதா செய்தாள். கையுறை போட்டாள். இடுக்கியால் புதுத்துணியை எடுத்துக் கொடுத்தாள், பெனின் அதைச் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டான். அரை மணி நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதமாகத் தூங்காமல் கண் குழி விழுந்து கிடந்த அந்தப் பையனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. துணியை இடுக்கியால் வாங்கிப் பாட்டிலில் போட்டாள். மூடியை எடுத்தாள். மூடுவதற்கு முன் லேசாகத் தலையைத் திருப்பி, பாட்டிலின் வாயருகே குனிந்து, கண்ணை மூடித் திறந்தாள். பிறகு மூடினாள். மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

"இப்ப என்னக்கா செஞ்சீங்க?"

"மூடுனேன் தம்பி."

"அதுக்கு முந்தி?"

"ஒண்ணும் செய்யலையே."

அவள் பொய் சொல்லவில்லை. துணியைத் தொட்டாயா, இருமினாயா, பேசினாயா என்று ஒரு மாதமாக எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொன்னாள், எல்லாமே உண்மை. யாருக்காகவாவது மனசு வலித்தால் வேண்டுதலாக ஒரு துஆ செய்து ஊதுவது அவளுக்குக் கண் இமைப்பது மாதிரி. கண் இமைத்தாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல முடியும்? புதுத்துணிப் பாட்டில் சுற்றிவந்த அன்றைக்கு அவளுக்கு இருந்த பயத்தில், ஒன்று விடாமல் எல்லாப் பாட்டிலுக்கும் மூடுவதற்கு முன் ஊதியிருந்தாள்.

பெனின் அந்தப் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்தான். பெட்டி இரைந்தது. திரையில் கோடு மெல்ல ஊர்ந்து வந்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறியது, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது, பழைய கோட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பு.

பெனின் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. மாஜிதாவுக்குப் புரிவதற்குச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் தன்னைப் பற்றி அவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நேற்று ஏழு தடவை, அதற்கு முன்னால் எட்டு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும், அந்தச் சிரிக்கிற முகத்தில்.

"ஏ அல்லா," என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து வெளியே போய்விட்டாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளி கொடுத்த மறுநாளே தெரிந்துவிட்டது. நுரையீரல் காசநோய். ஆறு மாதம் மாத்திரை, குணமாகிவிடும், முதல் சில வாரம் தனியாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீர் எடுத்தார்கள். ரிசல்ட் அடுத்த வாரம் திங்கட்கிழமை வரும் என்றார்கள். குழாய் போகும்போது நஸீபா போட்ட சத்தம் வராந்தா கடைசியில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த மாஜிதாவுக்குக் கேட்டது.

"எட்டு மாசப் புள்ளக்கா," என்றாள் சப்ரீன், வீட்டுக்கு வந்ததும். கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வெளிய இருமுறவகளக் கண்டா நான் புள்ளயத் தூக்கிட்டு ஓடுவேன். நானே கொண்டாந்து ஒம் மடியில போட்டேனே."

மாஜிதா கொல்லையில் இருந்த சாமான் அறைக்குப் பாய் தலையணையோடு போய்விட்டாள்.

அதற்குமேல் அவள் சும்மா இருக்கவில்லை. மாரிசெல்விக்கு பெனினே போன் போட்டு, அவள் பக்கத்தில் மாமியாரையும் இருக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னான். போனை வாங்கி மாஜிதா மன்னிப்புக் கேட்டாள்.

"ரெண்டு மாசமா நாய்க்கு வைக்கிற மாதிரி சோறு வச்சாங்கம்மா எனக்கு," என்றாள் மாரிசெல்வி. "எனக்கு வேண்டிக்கிடச் சொல்லி நான் உங்களக் கேட்டனா?" போன் வைக்கப்பட்டுவிட்டது. அந்த வார்த்தை சரியான வார்த்தை என்று மாஜிதாவுக்குப் பட்டது.

தெருவுக்குச் சொல்வதுதான் வேறு மாதிரி ஆனது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, வீடு வீடாகச் சொன்னாள். எனக்கு டிபி வந்திருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு நான் ஊதியிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. நம்பவும் இல்லை.

"நீங்க ஓதுன வாயில சீக்கா? போங்கம்மா," என்று சிரித்தாள் எதிர்வீட்டு வெள்ளைத்தாய். சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்த மகளை முன்னால் நீட்டினாள். "ராத்திரியெல்லாம் முழிச்சு முழிச்சு அழுவுது. அந்தத் துணிய இறக்கிட்டு ஒரு தடவ ஊதி விட்டுட்டுப் போங்க."

மாஜிதா பின்வாங்கினாள். வெள்ளைத்தாய் பிள்ளையோடு இரண்டடி முன்னால் வந்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, அங்கிருந்தும் ஒருத்தி பிள்ளையோடு இறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மாஜிதா, கேட்டு வந்த பிள்ளைகளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் வந்து பட்டியல் எழுதிக்கொண்டு போன பிறகுதான் அந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போயின. நல்லவேளை, ஒன்றுக்கும் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மஃரிப் நேரம். கொல்லை அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மாஜிதா தொழுது முடித்து உட்கார்ந்திருந்தாள். சப்ரீன் முற்றத்தில் வந்து நின்றாள். தோளில் நஸீபா தலை தொங்கிக் கிடந்தது.

"எக்கா, புள்ளக்கி நெருப்பாக் கொதிக்குது. கண்ணே தொறக்க மாட்டங்கா."

மாஜிதா எழுந்து நின்றாள். "ஆட்டோவக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போ."

"கூப்பிட்டாச்சு, வருது. எனக்குப் பயமா இருக்குக்கா." சப்ரீன் வாசற்படிக்கே வந்துவிட்டாள். ஒரு வாரமாக அக்காவின் முகத்தைப் பார்க்காதவள், குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். "ஆட்டோ வாரதுக்குள்ள ஒரே ஒரு தடவ ஊதி விடுக்கா. ஒரு தடவதானே. ஒனக்குக் காலப் பிடிச்சுக் கேக்கேன்."

குழந்தையின் மூச்சுச் சூடு மாஜிதாவின் கையில் பட்டது. அவ்வளவு அருகில் இருந்தது. வாயில் வழக்கமாக ஓதும் சூரா தானாக வந்து நின்றது. சப்ரீன் மாஸ்க்கை எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். மாஜிதா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சப்ரீன் கதவில் அடித்தாள். திட்டினாள், கெஞ்சினாள், மறுபடி திட்டினாள். நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டாள். உள்ளே மாஜிதா தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு, மூச்சை வெளியே விடாமல் ஓதிக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்து போகிற சத்தம் கேட்ட பிறகும் தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான், மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை ரிசல்ட்டும் வந்தது, குழந்தையிடம் நோய்க்கிருமி இல்லை. முன்னெச்சரிக்கையாக ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். மாரிசெல்வி மில்லுக்குப் போகிறாள். பதினைந்தாவது விதியாக என்ன எழுதுவது என்று பெனின் யோசித்து யோசித்து, பாட்டில் திறந்திருக்கும்போது எக்காரணம் கொண்டும் அதன்மேல் மூச்சு விடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறான். மாஜிதாவும் மாத்திரைகளை முடித்து, சளியில் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது சாயங்காலமானால் அவள் பழைய இடத்தில் உட்கார்கிறாள். நஸீபா நடக்கப் பழகி, அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நிற்கிறது. பாங்கு சொன்னதும் சப்ரீன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு நாள் மாஜிதா கேட்டேவிட்டாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு, இப்ப ஒண்ணும் இல்லன்னு. இன்னும் பயமாட்டி?"

"பயம் இல்லக்கா. நோயி ஒனக்குத் தெரிஞ்சா வந்துச்சு? அத நான் மனசுலயே வைக்கல." சப்ரீன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "கதவுக்கு வெளிய நின்னு அப்படிக் கத்துனேன். நீ தொறக்கல. அதத்தான் என்னால மறக்க முடியல."

அப்படி இன்னொரு நாள் வந்தாலும் மாஜிதா திறக்க மாட்டாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.